நிக்கானோர் கங்காணியின் பாட்டில் பாம்பு

என் அக்கா புருஷன் நிக்கானோருக்கு இடது கையில் சுண்டு விரல் பாதிதான். மீதிப் பாதி லாஸ் மொராஸ் மலையில் ஏதோ ஒரு காப்பிச் செடிக்கு உரமாகி இருபத்திரண்டு வருஷமாகக் காய்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் செடி எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றைக் காட்டுவார்கள். ஊரில் காட்டின செடிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் மச்சானுக்கு நாற்பது சுண்டு விரலாவது இருந்திருக்க வேண்டும்.

கதை எங்கள் மலையில் நாய்க்குக்கூடத் தெரியும். அவருக்கு அப்போது பத்தொன்பது வயசு. செடிக்கடியில் சருகு வாரிக்கொண்டிருந்தார். பவளப்பாம்பு ஒன்று சுண்டு விரலில் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நாலு மணி நேரம். மச்சான் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கையை வேலிக் கட்டைமேல் வைத்தார், வெட்டுக்கத்தியை ஓங்கினார், ஒரே போடு. அப்புறம் அந்தப் பாம்பை அமுக்கிப் பிடித்து, கரும்புச் சாராயப் பாட்டிலுக்குள் விட்டு மூடியைத் திருகிவிட்டு, மிச்சச் சருகையும் வாரி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம்.

முதல் வருஷம் கதையில் பாம்பு ஒன்றரைச் சாண். எனக்குக் கல்யாணம் ஆனபோது அது ஒரு ஆள் நீளம். போன கிறிஸ்துமஸில் கோவேறு கழுதையையே வழிமறித்து நின்றது. பாட்டிலில் இருப்பதோ இன்னும் ஒன்றரைச் சாண்தான். "என்ன மச்சான், உள்ளாற இருக்கிறது குட்டியா?" என்று கேட்டால், "சாராயத்துல ஊறுனா நீயே சுருங்கிருவ மாப்ளே, அது சுருங்காதா?" என்பார்.

அந்தப் பாட்டில் பழம் அளக்கிற கொட்டகையில், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. முன்பக்கம் பார்த்தால் பாம்பின் முதுகு தெரியும். ஒரு காலத்தில் ரத்தச் சிவப்பாக இருந்ததாம். இப்போது துவைத்துத் துவைத்து வெளுத்த உள்பனியன் நிறம். பின்பக்கம் முழுக்க சுயாப்பா மாதா படத்தைச் சோளக்கூழ் வைத்து ஒட்டியிருந்தார். பாட்டிலை ஒருத்தரும் தொடக்கூடாது. தொட்டால் விஷம் கலங்குமாம். ஒரு தடவை நான் தூசி தட்டுகிற சாக்கில் கையை நீட்டினேன். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து மலையில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் மத்தியானம் ஆகிவிட்டது என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த அரை விரல்தான் அவரை ஆளாக்கியது. "தன் விரலையே வெட்டுனவன், வேலை செய்யாதவனைச் சும்மா விடுவானா?" என்று தோட்டத்து முதலாளி அவரைக் கங்காணி ஆக்கினார். என் அக்கா ஓத்திலியாவைக் கேட்டுப் பத்து விரலும் முழுசாக இருந்த இரண்டு பேர் வந்தார்கள். அக்கா அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு இவரைக் கட்டிக்கொண்டாள். மலையில் யார் எந்தப் பாம்பைப் பார்த்தாலும் தீர்ப்பு மச்சானிடம்தான் வரும். ஜட்ஜுகூட அவ்வளவு கம்பீரமாக உட்கார மாட்டார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய பாம்புச் சூரர் சின்னப் பாம்புகளை அடிக்கவே விடமாட்டார். சருகு வாருகிற வேலையை ஆட்களிடம் கொடுக்காமல் பல நாள் தானே செய்வார். மக்கிப்போன வாழைத் தண்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து, அரை மணி நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன மச்சான், வாழைக்குப் பாவமன்னிப்பு குடுக்கிறீங்களா?" என்றால், "போடா, வேலையைப் பாரு" என்பதோடு சரி.

இந்த ஜனவரியில் அறுவடை முடிகிற சமயம் அது நடந்தது.

பறிப்பு முடிந்ததும் கீழே உதிர்ந்த பழங்களைக் கையால் பொறுக்க வேண்டும். விட்டுவிட்டால் துளைக்கிற வண்டு அதிலேயே குடும்பம் நடத்தி, அடுத்த வருஷக் காய்ப்பைத் தின்றுவிடும். அதனால் எல்லோரும் மண்டியிட்டு, ஈரச் சருகுக்குள் கையை விட்டுத் துழாவுவோம். மூன்று நாளாக வடக்கத்தித் தூறல். சருகு சோள ரொட்டி மாவுபோலக் குழைந்து கிடந்தது.

எனக்கு இரண்டு செடி தள்ளி செனோபியா பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப்போல் பழம் பறிக்கிறவள் இந்த மலையிலும் இல்லை, எதிர் மலையிலும் இல்லை. அவள் வரிசைக்குள் நுழைந்தால் செடி குளிரில் நிற்கிற மாதிரி நடுங்கும். அவள் வருகிற சத்தம் கேட்டே பச்சைக் காய் சிவந்துவிடும் என்று சொல்வோம். புருஷன் வடக்கே வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. கடைசியாகக் கடிதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகளும் அவளுடைய அந்தக் கை வேகத்தில்தான் சாப்பிட்டு வளர்கிறார்கள்.

பத்து மணி இருக்கும்.

"அம்மாடி! கடிச்சிருச்சு! கடிச்சிருச்சு!"

நான் எழுந்து பார்க்கும்போது செனோபியா வலது கையை இடது கையால் இறுக்கிக்கொண்டு பின்னாலேயே தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் துழாவின இடத்தில் அந்தப் பாம்பு. ஒன்றரைச் சாண் நீளம், பென்சில் தடிமன். முதுகு மிளகாய்ச் சிவப்பு, தலை கறுப்பு, பிடரியில் மஞ்சள் பட்டை. கழுத்தைத் தட்டையாக விரித்து, தலையைத் தூக்கிக்கொண்டு, இந்த மலையையே தனக்கு எழுதி வைத்த மாதிரி நின்றது.

மேல் வரிசையிலிருந்து செஞ்சோ களைக்கொத்தோடு குதித்தான். செஞ்சோ நல்லவன்தான், ஆனால் அவன் கை முதலில் வேலை செய்யும், மண்டை மத்தியானத்துக்கு மேல்தான் வேலைக்கு வரும். இரண்டு கொத்து கொத்தினான். துண்டுகளை அப்படியே அள்ளிச் சரிவில், பழத்தோல் கொட்டுகிற குவியல் பக்கம் வீசினான்.

"பவளம்!" என்று கத்தினான். "கறுப்பு, மஞ்சள், செவப்பு, மூணு கலரும் இருக்கு!"

"நல்லாப் பாத்தியாடா?" என்றேன்.

"பின்ன, நெத்தியில பேரு எழுதியிருக்கணுமா?"

செனோபியாவின் ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு ரத்தம். அதைத் துடைத்தால் கடுகளவு ஒரு புள்ளி.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"முதல்ல சுருக்குன்னுச்சு. இப்ப ஒண்ணும் வலிக்கல."

அவ்வளவுதான், சுற்றி நின்ற அத்தனை பேரும் "ஐயோ" என்றார்கள். எங்கள் மலையில் பாம்பு கடித்து வலித்தால் பாதிப் பயம், வலிக்காவிட்டால் முழுப் பயம். பவளம் கடித்தால் வலி இருக்காது, வீக்கம் இருக்காது. இரண்டு மூன்று மணி நேரம் மனுஷன் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பான். அப்புறம் இமை தொங்கும், நாக்குக் குழறும், மூச்சு நின்றுவிடும்.

செஞ்சோ தன் பூட்ஸ் கயிற்றை உருவி விரலின் அடியில் இறுக்கிக் கட்டினான். கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போவதற்குள் விரல் திராட்சைப் பழ நிறமாகிவிட்டது.

வண்டி காலையிலேயே மூட்டைகளோடு கீழே போயிருந்தது. சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைமேல் ஒருத்தனை ஏற்றினோம். டிரைவர் கிடைத்தார். பாதையெல்லாம் சேறு, பன்னிரண்டரைக்கு முன்னால் மேலே வரவே முடியாது என்றார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இப்போது ரோடு போட்ட பிறகும் இரண்டு மணி நேரம். எல்லோரும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்கள். கூட்டத் தெரியாத எனக்கே விடை தெரிந்தது.

செனோபியா பழம் அளக்கிற மேஜை முன்னால் போய் நின்றாள். அழவில்லை. வலது கையை மேஜைமேல் வைத்து, மற்ற விரல்களை மடக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினாள்.

"கங்காணி அண்ணனைக் கூப்பிடுங்க," என்றாள். "அவருக்குத்தான் வெட்டத் தெரியும்."

மச்சான் கீழ்த் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். மூச்சு இரைத்தது. கூட்டம் வழி விட்டது. செஞ்சோ ஏற்கனவே வெட்டுக்கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டி, சாராயம் ஊற்றித் துடைத்து வைத்திருந்தான். அதை எடுத்து இரண்டு கையாலும் மச்சானிடம் நீட்டினான். கோயிலில் சாமியாருக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி நீட்டினான்.

மச்சான் கத்தியை வாங்கவில்லை.

"பாம்பு எங்க?" என்றார்.

"பாம்பு எதுக்குண்ணே? கத்தி இங்க இருக்கு."

"பாம்பு எங்கடா?"

"கொத்தித் தூக்கி எறிஞ்சாச்சு. நான் என்ன அதுக்குக் கல்லறை கட்டவா?"

"வயித்தைப் பாத்தியா?"

"அதோட வயித்தை நான் எதுக்குப் பாக்கணும்? பசிக்குதான்னு கேக்கவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். மச்சானின் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. ஜனவரி மாசம், தூறல், எங்கள் மலையில் கோழிகூட நடுங்குகிற குளிர்.

"அண்ணே," என்றாள் செனோபியா, "நேரம் போகுது. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. ஒத்தை விரலுக்காக அதுகளை நட்டாத்துல விடமாட்டேன். நீங்க உங்க விரலை வெட்டுனப்ப யாரைக் கேட்டீங்க? வெட்டுங்க."

"இரு தாயி. அஞ்சு நிமிஷம் இரு." என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, ஓடு. அந்தப் பாம்பு எனக்கு வேணும். துண்டா இருந்தாலும் பரவால்ல. வால் கிடைச்சாலும் போதும். ஓடு!"

நான் ஓடினேன். என் வாழ்நாளில் நான் அப்படி ஓடினதில்லை. கடன்காரனைப் பார்த்துக்கூட ஓடினதில்லை. தோல் குவியலில் அக்காவின் கோழிகள் ஏழும் திருவிழா நடத்திக்கொண்டிருந்தன. வெள்ளைக்கோழி தலைப் பக்கத்துத் துண்டை விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்தது. வால் பக்கத்துத் துண்டு புள்ளிக்கோழியின் வாயில். அதைப் பிடிக்க நான் குவியலைச் சுற்றி ஓடின ஓட்டத்தில் மலை ஒரு அடி தேய்ந்திருக்கும். இரண்டு தடவை தோல் சேற்றில் மூக்குக் குப்புற விழுந்தேன். கடைசியில் கழுத்தைப் பிடித்து, அலகைப் பிரித்து, பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது கொட்டகையில் செனோபியாவைச் சுற்றிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

"கண்ணை மூடித் திற."

"திறந்தாச்சு."

"எச்சில் முழுங்கு. நாக்கு தடிக்குதா?"

"உன்னைத் திட்டுற அளவுக்கு நல்லாத்தான்டா இருக்கு."

"இமை லேசாத் தொங்குற மாதிரி இல்ல?"

"அது பொறந்ததுல இருந்தே அப்படித்தான், மூதேவி!"

நீட்டின விரலை மேஜையிலிருந்து அவள் எடுக்கவேயில்லை. அது இப்போது கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

மச்சான் அந்தத் துண்டை வாங்கினார். முதலில் கட்டை விரலால் வாலிலிருந்து மேல்நோக்கித் தடவினார். என்னிடம் நீட்டி, "தடவிப் பாரு" என்றார். கயிற்றுச் சொரசொரப்பு. அப்புறம் மெதுவாகத் திருப்பினார். வயிறு வெள்ளை. கோடில்லை, வளையமில்லை, புள்ளியில்லை. சோளமாவு நிறத்தில் சுத்தமான வெள்ளை.

மச்சான் கண்ணை மூடித் திறந்தார். அவருக்குத்தான் இமை தொங்குகிறதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"வெட்ட வேணாம்," என்றார். "இது பவளம் இல்ல. காப்பிப் பாம்பு. விஷம் கிடையாது."



"அதெப்படிச் சொல்றீங்க?" என்றான் செஞ்சோ. "உங்களைக் கடிச்சதும் இதே கறுப்புத் தலை, இதே மஞ்சள் கழுத்துதானே? நீங்கதானே வருஷா வருஷம் சொல்றீங்க?"

"அது வேற, இது வேற."

"வேறயா? அப்ப அந்தப் பாட்டிலை எறக்குவோம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். வேற வேறயா இருந்தா உங்க பேச்சுப்படி விட்டுருவோம். ஒரே மாதிரி இருந்தா இதுவும் பவளம். நானே வெட்டிருறேன். இதுக்கு மேல அந்தப் புள்ளை சாகுறதைப் பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் செஞ்சோ நியாயம் பேசினான், அதுவும் தப்பான நேரத்தில். எல்லோரும் தலையாட்டினார்கள். செனோபியாவும் ஆட்டினாள். செஞ்சோ கத்தியை எடுத்துக்கொண்டு மேஜைப் பக்கம் வந்து நின்றான்.

மச்சான் அலமாரியைப் பார்த்தார். செனோபியாவின் விரலைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். அந்த நேரம் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றிருந்தால்கூடப் போதும், பாட்டிலை இறக்கி, முன்பக்கமாக வைத்து, இரண்டு முதுகும் ஒன்று என்று சொல்லி, செஞ்சோ வேலையை முடித்திருப்பான்.

மச்சான் தானே போய்ப் பாட்டிலை எடுத்தார். மேஜைமேல், அவள் விரலுக்குப் பக்கத்தில் வைத்தார். செஞ்சோவின் கையிலிருந்து கத்தியை வாங்கினார். செனோபியா முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

மச்சான் கத்தி முனையால் பாட்டிலின் பின்பக்கத்துப் படத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"மன்னிச்சுக்கோ மாதாவே," என்று முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினார். இருபது வருஷத்துக் கூழ் லேசில் வரவில்லை. துண்டு துண்டாக உரிந்தது. ஓரளவு கண்ணாடி தெரிந்ததும் பாட்டிலைத் திருப்பி வைத்தார்.

உள்ளே பாம்பின் வயிறு. கோடில்லை, வளையமில்லை. கோழியிடமிருந்து நான் பிடுங்கின துண்டு மாதிரியே.

"ஒரே மாதிரிதான்டா," என்றார் மச்சான். "நீ சொன்னது சரி. ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் பவளம் இல்ல."

யாருக்கும் உடனே புரியவில்லை. எனக்கும்தான். முதலில் புரிந்தது என் அக்காவுக்கு. சோள ரொட்டிக் கூடையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றவள், கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்த விரலு?" என்றாள்.

"சும்மா வெட்டுனது," என்றார் மச்சான்.

"சும்மாவா?"

"சும்மாதான்டி. அது கடிச்சுதா, இல்ல நான் பயந்து கையை இழுத்தப்ப முள்ளுக்கம்பி கிழிச்சுதான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ரத்தத்தைப் பாத்தேன், செவப்பைப் பாத்தேன், வெட்டிட்டேன். ஒரே போடும் இல்ல. மூணு. அழுதுக்கிட்டே மூணு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"எப்ப இருந்து தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு. கீழ்த் தோட்டத்துல நிஜப் பவளம் ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. புரட்டிப் பாத்தா வளையம் வயித்தையும் சுத்தி வருது. தொட்டா மெழுகு போட்ட மாதிரி வழவழன்னு இருக்கு. வீட்டுக்கு ஓடி வந்து பாட்டிலைத் திருப்பிப் பாத்தேன். அன்னிக்குத்தான் மாதா படத்தை ஒட்டினேன். அதுக்குள்ள கங்காணி ஆயிட்டேன், கல்யாணமும் ஆயிருச்சு. யார்கிட்டப் போய் என்னன்னு சொல்ல?"

செஞ்சோ இன்னும் விடவில்லை. "கழுத்தை விரிச்சுக்கிட்டு நின்னுச்சேண்ணே, நான் பாத்தேனே!"

"அதுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். பயந்தா கழுத்தை விரிக்கும், தலையைத் தூக்கும், தன்னைப் பெருசாக் காட்டும். அதுக்கு மேல ஒண்ணும் செய்யாது. கையில எடுத்தாக்கூடக் கடிக்கிறதில்ல. நான் இருபது வருஷமாப் பாக்குறேன். வாழைத் தண்டுக்கடியில இருக்கும். தூறல் போட்டா வெளிய வரும். நத்தை, மண்புழு, ஓடில்லாத நத்தை, இதான் தீனி. சேமியா உறிஞ்சுற மாதிரி மெதுவா முழுங்கும். மழை ஆரம்பிக்கிறப்ப சருகுக்குள்ள ரெண்டு முட்டை வைக்கும், மிஞ்சிப் போனா நாலு. காட்டை விட அதுக்குக் காப்பித் தோட்டம்தான் பிடிக்கும். நம்ம வாருற சருகுதான் அதுக்கு வீடு. நிஜப் பவளமே இதைப் பிடிச்சுத் திங்கும்டா. அவ்வளவு பாவப்பட்ட ஜென்மம்."

"கழுத்தை விரிச்சுக்கிட்டுப் பெருசாக் காட்டுமா?" என்றாள் அக்கா வாசலிலிருந்து. "அப்ப நான் கட்டிக்கிட்டதும் காப்பிப் பாம்புதான்."

கொட்டகையே சிரித்தது. மச்சானும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

செனோபியா மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே," என்றாள், "நீங்க தப்பா இருந்தா?"

மச்சான் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது. நான்தான் பல்லால் கடித்து இழுத்தேன். விரலில் ரத்தம் திரும்ப ஏறினபோது செனோபியா அப்போதுதான் முதல் தடவையாக வலிக்கிறது என்று கத்தினாள். எங்களுக்கு அந்தச் சத்தம் சர்ச் மணி மாதிரி இருந்தது.

"வண்டி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போயிரு தாயி," என்றார் மச்சான். "என் பேச்சை நம்பி இங்க இருக்காத."

"இப்பத்தானே விஷமில்லன்னீங்க?"

"விஷம் இல்லதான். ஆனா நான் இருபத்திரண்டு வருஷம் பொய் சொன்னவன்."

வண்டி வர இன்னும் ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றே கால் மணி நேரத்தை நான் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமாக எண்ணினேன். ரொட்டியும் பயறும் யாரும் தொடவில்லை. மச்சான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் இமையையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷம் இல்லை என்று சொன்னவர் அவர்தான். அந்தக் கொட்டகையில் அதிகமாகப் பயந்தவரும் அவர்தான். அவள் கொட்டாவி விட்டால் எழுந்து நிற்பார். செருமினால் தண்ணீர் நீட்டுவார். ஒரு தடவை அவள் கண்ணைத் தேய்த்தாள். "என்ன, மங்குதா?" என்று போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த பல்லி கீழே விழுந்தது. சத்தியமாக விழுந்தது, என் தொப்பியில்தான்.

வெள்ளைக்கோழியையும் நான் அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தேன். அது நாலு தடவை கொக்கரித்தது, ஒரு முட்டை போட்டது. வந்து சொன்னேன். யாருக்கும் ஆறுதலாக இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி வந்தது. நானும் அவளோடு ஏறினேன். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நாக்குக் குழறுகிறதா என்று தானே சோதித்துக்கொண்டாள். தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னாள், தன் பெண்களின் பேரைச் சொன்னாள், ஓடிப்போன புருஷனை ஊர் பேரோடு திட்டினாள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விளக்கைக் கிட்டே வைத்து விரலைப் பார்த்தார். சின்ன இடுக்கியை எடுத்தார். விரலிலிருந்து ஒரு முள்ளை இழுத்து வெளியே போட்டார். எங்கள் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற எலுமிச்சையின் முள், நுனி ஒடிந்து உள்ளேயே இருந்திருக்கிறது. அப்படியும் அன்று முழுக்கப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் விட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் திரும்பினபோது தோட்டத்துக் கேட் பக்கத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் வண்டி போனதிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று அக்கா அப்புறம் சொன்னாள். வண்டி நிற்பதற்குள் செனோபியா எட்டிக் குதித்தாள். இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"எண்ணிக்கோங்கண்ணே."

மச்சான் நிஜமாகவே எண்ணினார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்து வந்ததும் அப்படியே வேலிக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மிச்சப் பழம் பொறுக்கப் போனோம். யாரும் சருகுக்குள் கையை விடவில்லை. எல்லோரும் முதலில் குச்சியால் கிளறினார்கள். மூன்றாவது வரிசையில் செஞ்சோ கிளறின இடத்தில் ஒன்று எழுந்தது. சிவப்பு முதுகு, கறுப்புத் தலை, மஞ்சள் பிடரி. கழுத்தை விரித்துக்கொண்டு நின்றது. செஞ்சோ களைக்கொத்தைத் தூக்கினான், அப்படியே அந்தரத்தில் நிறுத்தினான். எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள்.

மச்சான் குத்தவைத்து உட்கார்ந்தார். குச்சியால் அதை லேசாகப் புரட்டினார். குச்சி ஆடிய ஆட்டத்தில் பாம்புக்கே தலை சுற்றியிருக்கும். வயிறு வெள்ளை. இன்னொரு தடவையும் புரட்டினார். வெள்ளைதான். அப்புறம் அரை விரல் இருக்கிற கையாலேயே அதை எடுத்தார். அது அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, நாக்கை நீட்டி, அந்த மழுங்கின நுனியை முகர்ந்து பார்த்தது.

"அடையாளம் தெரியுதான்னு பாக்குது," என்றான் செஞ்சோ.

"விடுங்கண்ணே அதை," என்றாள் செனோபியா, இரண்டு அடி பின்னால் நின்றபடி. "பழம் பொறுக்கணும்."

மச்சான் அதை வாழைத் தண்டுக்கடியில் விட்டார். சருகு ஒரு தடவை அசைந்து அடங்கியது.

பாட்டில் இன்னும் அதே தட்டில்தான் இருக்கிறது, இப்போது வயிற்றுப் பக்கம் முன்னால் பார்த்தபடி. புதுசாக வேலைக்கு வருகிறவர்களை மச்சான் முதலில் அதன் முன்னால் நிறுத்துவார். "இதைப் பாத்தா என்ன பண்ணணும்?" என்று கேட்பார். "வயித்தைப் பாக்கணும்" என்று சொல்கிறவரை கூடையைக் கொடுக்க மாட்டார். அப்படியும் ஒவ்வொரு தடவை சருகு அசையும்போதும் அவர் கை சட்டென்று நெஞ்சுக்குப் போய்விடுகிறது. நிஜப் பவளமும் அதே சருகில்தான் இருக்கிறது. எது எந்தச் செடிக்கடியில் என்று யாருக்குத் தெரியும்?

கதையும் மாறிவிட்டது. இப்போது மாசா மாசம் பாம்பு சுருங்குகிறது. ஈஸ்டருக்கு அது ஒரு சாண். அக்கா சொல்கிற கணக்கில் இப்போதே மண்புழு. அடுத்த அறுவடைக்குள் மச்சான் ஒரு கொசுவுக்குப் பயந்து விரலை வெட்டிக்கொண்டவர் ஆகிவிடுவார். அவரிடமே சொன்னேன்.

"சொல்லட்டும் மாப்ளே," என்றார், செனோபியா களையெடுக்கிற வரிசையில் செடிகள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே. "எத்தனை போடுன்னு கேட்டா மட்டும், மூணுன்னு சொல்லு."